என் ஊர்த் தண்ணீரில் உன் பூ

மோய்னாக்
2009 அக்டோபர் 4

அல்மாத்தியில் இருக்கும் அக்கா உல்போசினுக்கு,

தம்பி எம்பெர்கென் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஜுமாகுல் எழுதும் கடிதம். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இனி உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. போனை முதலில் வைத்தது நான்தான். வைக்க வைத்தது நீ. "அங்க என்னடா இருக்கு? கடலும் வத்திப் போச்சு, மீனும் போச்சு. ஒண்ணும் உயிரோட இல்லாத ஊர்ல உக்காந்துகிட்டு என்னத்தக் காவல் காக்கறே?" என்று கேட்டாய். ஒன்றும் உயிரோடு இல்லையா? அப்படியென்றால் அந்த நேரத்தில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தது யார்? என்னை எதில் சேர்த்தாய்?

கடிதம்தான் நல்லது. கடிதத்தில் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

வேன்காரன் பெர்தெபாயிடம் நீ கொடுத்தனுப்பிய செடி நேற்று வந்தது. கூடவே உன் சவாலும் வந்தது. ரொட்டிக்கடை வாசலில், எல்லோரும் கேட்க, அவன் சொன்னான்: "பெரியவரே, இதுக்குப் பேரு ஆர்க்கிட்டாம். மார்ச்ல வர்ற நவ்ரூஸ் பண்டிகைக்குள்ள உங்க ஊர்த் தண்ணியில இது மறுபடி பூத்துட்டா, அக்கா இனிமே உங்கள ஊரவிட்டு வரச்சொல்ல மாட்டாங்களாம். பூக்கலேன்னா வீட்டப் பூட்டிட்டு என் வேன்ல ஏறணுமாம். உங்களுக்கு ஜன்னல் சீட்டு இப்பவே சொல்லி வச்சுட்டாங்க."

ஒத்துக்கொண்டேன். அதே கடை வாசலில், அதே ஆட்கள் முன்னால். ஆனால் என் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு. நான் ஜெயித்தால் நீ இங்கே வர வேண்டும். என் மேசையில் உட்கார்ந்து, என் ஊர்த் தண்ணீரில் போட்ட டீயை முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும்.

செடி கிளம்பும்போது இரண்டு பூ இருந்ததாம். ஒன்று எல்லைச் சாவடியிலேயே உதிர்ந்துவிட்டது. மற்றது என் வாசற்படியில் உதிர்ந்தது. அதை என் தலையில் கட்டாதே.

எம்பெர்கென்

(அக்கா, ஜுமாகுல் எழுதுகிறேன். செடியைப் பார்த்ததும் பெரியவர், "இது என்னடி, மண்ணே இல்லாம வெறும் மரப்பட்டையப் புடிச்சுகிட்டு நிக்குது, நம்ம மாதிரி"ன்னு சொன்னார். இதை எழுதாதே என்றார். அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே.)

*

அல்மாத்தி
அக்டோபர் 19

தம்பி,

உனக்கு எழுபத்து மூன்று வயது. இன்னும் அப்படியே இருக்கிறாய். சின்ன வயதில் கேட்டது கிடைக்காவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னம் நீலமாகும்வரை நிற்பாய். அம்மா பயந்துபோய்க் கொடுத்துவிடுவாள். நான் அம்மா இல்லை.

உன்னை நேர்மையாகத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஜுமாகுல், அவனுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டு.

தொட்டி கண்ணாடி மாதிரி இருப்பது வேரைப் பார்க்கத்தான். வேர் சாம்பல் நிறமாக இருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் கிட்டே போகாதே. மேலேயிருந்து ஊற்றாதே; இலைகள் சேரும் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் தொட்டியைச் சிறிது நேரம் வை. வேர் பச்சையானதும் எடுத்து, சொட்டுகூட நிற்காமல் வடிய விடு.

இனி தண்ணீர். தோற்கப்போவது நீ அங்கேதான். இந்தச் செடிக்கு எதிரி உப்பு. குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வை, மருந்து வாடை போகட்டும். பிறகு கொதிக்கவைத்து, ஆறவைத்து, அடியைக் கலக்காமல் மேலாக எடு. கத்தி நுனியில் தொட்டு எலுமிச்சை உப்பு சேர்; பேர்தான் உப்பு, அது புளிப்புப் பொடி. இதெல்லாம் இரண்டாம் தரம். முதல் தரம் மழைத் தண்ணீர். அதை யோசிக்காமல் கொடு. வானத்திலிருந்து இறங்குவதில் கெட்டது இருக்காது.

எனக்கு இங்கே இந்தப் பாடு எதுவும் இல்லை. மலைப்பனி உருகிக் குழாயில் வருகிறது. திருகினால் போதும். என் ஜன்னலில் பதினொரு செடி வரிசையாகப் பூத்து நிற்கிறது. உன் கட்டிலையும் அந்த ஜன்னல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். என் பையன், "மாமா வரேன்னு சொன்னாரா?" என்று கேட்டான். "அவன் எங்க சொல்லுவான், தூக்கிட்டுத்தான் வரணும்" என்றேன்.

உல்போசின்

*

மோய்னாக்
நவம்பர் 15

அக்கா,

உன் கடிதத்தை ஜுமாகுல் மூன்று தடவை படித்துக் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. எனக்கு எழுத்து வராது என்று நீ குத்திக் காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகும் வயதில் போர் வந்தது, மீன் பிடிக்கப் படகில் ஏற்றினார்கள். போர் முடிந்தும் வலை என்னை விடவில்லை. கிழவனான பிறகு ஜுமாகுல் கற்றுத் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். அதற்குள் அரசாங்கம் பழைய எழுத்தை எடுத்துவிட்டு வேறு எழுத்தைக் கொண்டுவந்துவிட்டது. படித்தவர்களெல்லாம் மறுபடி முதல் வகுப்பு. மறப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

குழாயில் தண்ணீர் வந்தபோது பிடித்தேன். திறந்து வைத்தேன். கொதிக்கவைத்தேன். ஆறவைத்து மேலாக எடுத்து, எலுமிச்சை உப்பும் சேர்த்துக் கொடுத்தேன். சுண்ணாம்பு கெட்டிலின் அடியில் தங்கியது, நீ சொன்னது சரி. ஆனால் உப்பு எங்கே போகும்? தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டது. கொஞ்ச நாளில் வேர்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது.

சரி, முதல் தரத்துக்குப் போவோம் என்று மழைக்குக் காத்திருந்தேன். மூன்று நாள் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. கடல் பக்கம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், கடல் இருந்த பக்கம். கொடியில் காய்ந்த துணியெல்லாம் வெள்ளைப் பொடி. அதற்கப்புறம் மழை. அண்டா, வாளி, சமோவர், குழம்புச் சட்டி, வீட்டில் குழிவாக இருந்த எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தேன். தெருவே சிரித்தது.

"என்ன பெரியவரே, கடலத் திருப்பிப் புடிக்கிறீங்களா?"

"ஆமாடா. உனக்கும் ஒரு வாளி தரேன், தூண்டில் எடுத்துட்டு வா."

செடிக்குக் கொடுத்தேன். அந்த வாரமே இலை நுனி கருகியது. ஒரு இலை மஞ்சளாகி விழுந்தது. அதற்கப்புறம்தான் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். மழை கரிக்கிறது அக்கா! வற்றிய கடலின் அடியில் கிடந்த உப்பு காற்றில் ஏறி மழையோடு இறங்கியிருக்கிறது. வெண்பனி விழுந்தாலும் அதன்மேலும் அதே பொடிதான். கடல் போச்சு என்றாயே, எங்கேயும் போகவில்லை. என் கூரைமேல் பெய்துகொண்டிருக்கிறது. வானத்திலிருந்து இறங்குவதில் கெட்டது இருக்காதாம்! உன் வானத்தில் இருக்காது.

நாலு இலை இருந்தது. இப்போது மூன்று இருக்கிறது. இருக்கிறது என்று தடிமனாக எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறாளா பார்.

எம்பெர்கென்

*

அல்மாத்தி
நவம்பர் 27

தம்பி,

தடிமனாகத்தான் எழுதியிருக்கிறாள்.

மழை கரிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஊரைவிட்டு வந்தபோது அங்கே மழை மழையாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் பையனுக்குப் படித்துக் காட்டினேன். வேலைக்குக் கிளம்பியவன் அதை வாங்கி இன்னொரு தடவை படித்தான்.

இப்போதாவது யோசி. மழையே கரிக்கிற ஊரில் ஒரு செடி பிழைக்கவில்லை என்றால் அது உன் தோல்வி இல்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள். வா. வருவதற்கு நவ்ரூஸ்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் செடியைச் சாகவிடாதே. கருகிய வேர்களைச் சுத்தமான கத்திரிக்கோலால் வெட்டிவிடு. பெர்தெபாயிடம் நாலு கேன் எங்கள் ஊர்த் தண்ணீர் அனுப்புகிறேன். முதலில் ஒரு கேனால் வேரை நன்றாக அலசு, படிந்த உப்பு இறங்கும். மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். பந்தயத்திலும் சேர்க்க மாட்டேன்.

உல்போசின்

*

மோய்னாக்
டிசம்பர் 10

அக்கா,

கேன்கள் நாலும் இதோ திரும்பி வருகின்றன. மூடி திறக்கவில்லை. வழியில் ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொள் என்று பெர்தெபாயிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் கெஞ்சினான். "யாருக்குப் பெரியவரே தெரியப்போவுது? ஊத்துங்க, பூ வரட்டும், நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"நீ தொறக்கமாட்டே. அந்தப் பூவைப் பாக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியுமே" என்றேன்.

என் தோல்வி இல்லை என்கிறாய். நான் தோற்றுவிட்டதாக உனக்கு யார் சொன்னது? நீ ஆறுதல் சொல்வதைவிடத் திட்டுவது மேல். ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஒவ்வொருவனும் இப்படித்தான் என் தோளில் தட்டிவிட்டு வண்டி ஏறினான். பாவம் எம்பெர்கென் என்று. உன் கை அவ்வளவு தூரம் நீளாது என்று நினைத்தேன், நீண்டுவிட்டது.

வேரை வெட்டியாயிற்று. பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் இருக்கிறது. எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக உன் தண்ணீரைக் கொடுக்க மாட்டேன்.

எம்பெர்கென்

(அக்கா, ரெண்டு நாளா அவர் செடிப்பக்கம் திரும்பவே இல்லை. நான் போய்ப் பார்த்தால், "என்னத்தப் பாக்குற, போய் உன் வேலையப் பாரு" என்கிறார். ஜன்னலை மட்டும் நாலு தரம் துடைக்கிறார். ஜுமாகுல்)

*

அல்மாத்தி
டிசம்பர் 28

முட்டாளே,

திட்டுவது மேல் என்றாய். கேட்டுக்கொள்.

ஐம்பத்தேழாம் வருஷம், பிப்ரவரியில், பனி உறைந்த கடல்மேல் வலை எடுக்கப்போன நீங்கள் ஐந்து பேர், பாளம் உடைந்து கடலுக்குள் மிதந்து போனீர்கள். ஊரே உங்களுக்காக அழுதது. நான் அழவில்லை. "அவன் சாகமாட்டான். யார் சொன்னதையும் கேக்குற பழக்கம் அவனுக்குக் கிடையாது, சாவு சொன்னா மட்டும் கேப்பானா?" என்று சொல்லிவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எட்டாவது நாள் வந்து சேர்ந்தாய். உதடு வெடித்திருந்தது. ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு முதலில் கேட்டது என்ன? "சுத்தியும் உப்புக் கடலாச்சே, என்னத்தடா குடிச்சீங்க?" நீ சொன்னாய்: "ஐஸைத்தான்கா. மேல துருத்திக்கிட்டு நிக்கிற பழைய ஐஸ் நல்ல தண்ணி. உப்பு அதுல நிக்காது, கீழ இறங்கிடும்."

என் கல்யாணத்தில் எந்தத் தலைத்துணி கட்டியிருந்தேன், யார் யார் எத்தனை ரொட்டி தின்றார்கள் என்றெல்லாம் ஒப்பிப்பாயே. இதை எங்கே தொலைத்தாய்? உன் முற்றம் பூராவும் குளிர். அண்டாவில் அந்த உப்புத் தண்ணீரையே நிரப்பி வெளியே வை. முழுக்க உறையவிடாதே. ஓரமும் மேலும் கட்டியானதும் நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடு. உப்பு அதோடு போய்விடும். கட்டியை உருக்கு. அந்தக் குளிரோடு கொடுத்துவிடாதே, வெதுவெதுப்பாக்கு.

இதை எழுதாமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். எழுதாமல்தான் ஒரு வாரம் இருந்தேன். ஆனால் மழையைக் கொடு என்றது என் வாய். என் பேச்சைக் கேட்டு நீ தோற்றால் அதில் எனக்கு என்ன பெருமை? உன் பிடிவாதத்தால் தோற்றால்தான் பெருமை.

என் பேருக்கு என்ன அர்த்தம் என்று ஜுமாகுலுக்குத் தெரியும். மகன் பிறக்கட்டும். பெண் பிறந்துவிட்டாள் என்றதும், அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்று எனக்கு வைத்த பேர். எழுபத்தேழு வருஷமாக யார் என்னைக் கூப்பிட்டாலும் உன்னைத்தான் வேண்டிக்கொள்கிறார்கள். அப்படி வேண்டி வாங்கிய தம்பி ஒரு வாளித் தண்ணீருக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தால், என்னை இத்தனை வருஷம் கூப்பிட்டதெல்லாம் வீண்.

எழுந்து போய் அண்டாவை எடு.

உல்போசின்

*

மோய்னாக்
2010 பிப்ரவரி 7

அக்கா,

மறக்கவில்லை. ஐந்து பேர் போனோம், நாலு பேர் வந்தோம். அந்த எட்டு நாளை நான் அறிவென்று எடுத்து வைக்கவில்லை, மூடி வைத்திருந்தேன். நீ போய்த் திறந்துவிட்டாய்.

அண்டாவை எடுத்தேன். முதல் தடவை காலையில் எழுந்து பார்ப்பதற்குள் அடிவரைக்கும் உறைந்து, அண்டாவே வெடித்துவிட்டது. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் மாதிரி வெள்ளை. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். ஓரம் தித்திப்பு, நடு கரிப்பு. உளியால் நடுவைக் குடைந்து எறிந்தேன். அடுத்த தடவையிலிருந்து வாளியில், சாயங்காலம் வைத்து, தூங்கப் போகும் முன் உடைத்து, நடுத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். ஒரு தடவை உறைந்தது போதாது என்று, உருக்கியதை மறுபடி உறைய வைக்கிறேன். உருகிய தண்ணீரில் ஒரு கரண்டி குழாய்த் தண்ணீரும் சேர்க்கிறேன். நீ சொல்லவில்லை, நானாகத்தான். எந்த ஊரில் நிற்கிறோம் என்று செடிக்குத் தெரிய வேண்டாமா?

வேர் பச்சையாயிற்று. புது வேர் ஒன்று வந்தது. போன வாரம் இரண்டாம் இலைக்குக் கீழே இன்னொன்று எட்டிப் பார்த்தது. நான் வேர் என்றேன். ஜுமாகுல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "வேரா இருந்தா நுனி உருண்டையா பளபளன்னு இருக்கும் பெரியவரே. இது கையுறை போட்ட கொழந்த விரல் மாதிரி இருக்கு. பூந்தண்டு!" அன்றிலிருந்து தெருவில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டார்கள். சிரித்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்துத்தான் காட்டினேன்.

ஒரு புகார். உருக்கி வைத்த தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. பூனை என்று நினைத்தேன். நேற்று இந்த ஜுமாகுல் வீட்டுக்குப் போனால், நம் உப்புத் தண்ணீரில் எப்போதும் திரிகிற பால் இவள் டீயில் திரியவே இல்லை!

(அக்கா, ஒரே ஒரு கெட்டில்தான். ஜுமாகுல்)

குளிர் முடிவதற்குள் வருஷத்துக்கு வேண்டியதை உருக்கி நிரப்ப வேண்டும். கேன் இருந்தால் அனுப்பு. காலியாக.

எம்பெர்கென்

*

அல்மாத்தி
பிப்ரவரி 24

தம்பி,

காலிக் கேன்கள் ஆறு வருகின்றன.

பூந்தண்டு என்பது சரி. சந்தோஷத்தில் பெட்டிமேல் ஏறி நின்று, வேலையில் இருந்த பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் வயதுக்கு அது தேவையா என்று திட்டினான். ஆனால் ரொம்பக் குதிக்காதே. தண்டு நீண்டு, மொட்டு விட்டு, மொட்டு பருத்து, அதற்கப்புறம்தான் பூ. நவ்ரூஸ் மார்ச் 21. பூ என்றால் இதழ் விரிந்திருக்க வேண்டும். மொட்டு பூ ஆகாது. ஜுமாகுல், நீதான் சாட்சி. டீ குடித்துவிட்டு அவன் பக்கம் சாயாதே.

கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன்.

உல்போசின்

*

மோய்னாக்
மார்ச் 22

அக்கா,

ஐந்து மொட்டு. ஐந்தும் மூடியிருக்கின்றன. கீழ் மொட்டு கோழி முட்டை நுனி மாதிரி பருத்து, ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிகிறது. நேற்று நாள் பூராவும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பண்டிகைக் கஞ்சியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். விரியவில்லை.

தெருவில் எல்லோரும் எனக்காக வாதாடுகிறார்கள். பெர்தெபாய், "மொட்டும் பூவும் ஒண்ணுதான பெரியவரே?" என்றான். "உன் வேனும் விமானமும் ஒண்ணாடா?" என்று கேட்டேன்.

தோற்றேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். பெர்தெபாய் இந்தக் கடிதத்தோடு கிளம்புகிறான். அவன் திரும்பி வந்து மறுபடி கிளம்பும்போது நானும் ஏறுகிறேன். சாவியை ஜுமாகுலிடம் கொடுப்பேன். அவள் இதை எழுத முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி என்று அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

செடியைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டு வருவேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள். தோற்றது நான். என் தண்ணீர் தோற்கவில்லை. அந்த மொட்டு உன் ஜன்னலில் விரிந்தாலும், மோய்னாக் தண்ணீரில் வந்த பூ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். உன் பதினொரு செடியும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

எம்பெர்கென்

*

அல்மாத்தி
மார்ச் 25

அசையாதே!

பெர்தெபாயை வாசலிலேயே நிற்கவைத்து இதை எழுதுகிறேன். கோட்டுக்குள் வைத்துக் கொண்டு வருவானாம் மடையன்! மொட்டு வைத்த செடியை யாராவது இடம் மாற்றுவார்களா? வெளிச்சம் மாறினால், குளிர் பட்டால், வண்டி குலுங்கினால் ஐந்தும் பழுத்து உதிர்ந்துவிடும். நான் அனுப்பியபோது பூவே உதிர்ந்தது, மொட்டு எந்த மூலைக்கு? ஜன்னலில் இருக்கிற செடியைத் திருப்பிக்கூட வைக்காதே. தூசு துடைக்கிறேன் என்று கையை நீட்டாதே. ஜுமாகுல், அவனை வீட்டைவிட்டு வெளியே விடாதே. வேனில் ஏறினால் காலைப் பிடித்து இழு.

பந்தயத்தில் தோற்றவன் நீதான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் செடி அங்கே நிற்கும்போது நீ இங்கே வந்து என்ன பண்ணுவாய்? அதற்குத் தண்ணீர் உருக்க உன்னைவிட்டால் யாருக்குத் தெரியும்? விரிந்த பூ மூன்று மாதம் நிற்கும். அதையும் நகர்த்தக் கூடாது. அதற்குள் இன்னொரு தண்டு கிளம்பினால், கடவுளே, நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

அடுத்த நடையில் நான் வருகிறேன். பூவைப் பார்க்க. உன்னைப் பார்க்க இல்லை. பையன் கத்துகிறான், கத்தட்டும். நீ ஜெயிக்கவில்லை, அதனால் உன் டீயைக் குடிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. என் தண்ணீரை நானே கேனில் கொண்டு வருவேன்.

உல்போசின்

*

மோய்னாக்
மார்ச் 29

அக்கா,

அசையவில்லை. நானும்தான், செடியும்தான்.

குளிர் கடைசியாக இறுகிய அன்று உறைந்ததில் ஒரு கட்டியை வைக்கோல் சுற்றி நிலவறையில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை உறைய வைத்தது. செடிக்குக்கூட அதில் கொடுக்கவில்லை, ஜுமாகுலுக்கும் கொடுக்கவில்லை.

(உண்மை. ஜுமாகுல்)

வா. அந்தக் கேனை அங்கேயே வைத்துவிட்டு வா.

எம்பெர்கென்